கழுவி முடித்தவர் நகர மாட்டேன் என்கிறார்!

கேள்வி: நாமே காரைக் கழுவிக்கொள்ளும் வாட்டர் வாஷுக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஷெட்டில் இருந்தவர் கழுவி முடித்தும் நகரவில்லை. துணியை எடுத்துக் காரைத் துடைத்தார், டேஷ்போர்டுக்கு பாலிஷ் போட்டார், கண்ணாடியை ஊதி ஊதித் தேய்த்தார். பின்னால் நாங்கள் நான்கு வண்டிகள். பொறுக்க முடியாமல் ஹார்ன் அடித்தேன். "நானும் காசு போட்டுத்தான் நிற்கிறேன்" என்று சண்டைக்கு வந்துவிட்டார். என் முறை வந்ததும் அங்கிருந்த நுரை பிரஷ்ஷால் சக்கரத்திலிருந்து கூரைவரை மளமளவென்று தேய்த்து, பத்தே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். யார் மேல் தப்பு?

பதில்: ஹார்ன் அடித்தது உங்கள் தப்பு, மற்றதெல்லாம் அவர் தப்பு என்று எழுதி முடித்துவிடத்தான் நினைத்தேன். உங்கள் கடைசி வரிகள் விடவில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

அவர் காசு போட்டது தண்ணீருக்கும் நுரைக்கும். டைமர் நின்றதும் அந்தக் காசு தீர்ந்தது. ஷெட்டில் தரை சாய்வாக இருப்பதும் நடுவில் வடிகால் இருப்பதும் ஈர வேலைக்காகத்தான். பாலிஷ், வேக்குவம் எல்லாம் வெளியே நிறுத்திச் செய்கிற வேலை. துடைப்பதில் மட்டும் அவர் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. தண்ணீரில் இருக்கும் உப்பு வெயிலில் காய்ந்தால் வெள்ளைத் திட்டாகப் படியும். அதற்காக ஷெட்டைப் பிடித்து வைக்க வேண்டுமா? பத்தடி நகர்த்தினால் போதும். ஆளே இல்லாத நேரமென்றால் உள்ளேயே நின்று துடைக்கட்டும், யாருக்கு என்ன? பின்னால் ஒரு வண்டி வந்து நின்றதும் கிளம்பிவிட வேண்டும்.

ஆனால் இரண்டு பக்கமும் சுவர் உள்ள இடத்தில் ஹார்ன் அடித்தால் யாருக்கும் எரிச்சல் வரும். இறங்கிப் போய், "தண்ணி வேலை முடிஞ்சுதா சார்?" என்று கேட்டிருந்தால், "இதோ எடுத்துடறேன்" என்று சொல்லியிருக்கவும் கூடும்.

இப்போது அந்தப் பிரஷ். சக்கரத்தில் ஒட்டியிருப்பது வெறும் சேறு இல்லை. பிரேக் பிடிக்கும்போது உதிரும் தூளும் ரோட்டு மணலும் அதில் உண்டு. அங்கே தேய்த்ததும் அதெல்லாம் பிரஷ்ஷின் முடிகளுக்கு இடையில் போய் உட்கார்ந்துகொள்ளும். நுரை மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அதே பிரஷ் கதவுக்கும் பானட்டுக்கும் போனால், பெயின்ட் மேலே பளபளப்பாக இருக்கும் அந்த மெல்லிய பூச்சு முழுக்கக் கீறல். வண்டி ஈரமாக இருக்கும்வரை பளிச்சென்றுதான் இருக்கும். காய்ந்தபின் வெயிலில் நிறுத்திப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி வட்டவட்டமாக மின்னும். சரி, உங்கள் வண்டி, உங்கள் பாடு. உங்களுக்கு அடுத்து அந்தப் பிரஷ்ஷை எடுத்தவர் என்ன பாவம் செய்தார்? பத்தே நிமிடத்தில் இடம்விட்ட உங்களை மனசுக்குள் வாழ்த்திக்கொண்டேதான் தேய்த்திருப்பார்.

அடுத்த முறை கூரையில் ஆரம்பித்துக் கீழே வாருங்கள். சக்கரம் கடைசி, அதற்கும் பொதுப் பிரஷ் வேண்டாம், வீட்டிலிருந்து ஒரு பழைய பிரஷ் கொண்டு போங்கள். முதலில் தண்ணீர் பீய்ச்சும் கன்னால் வண்டியின் மண்ணை இறக்கிவிட்டு, பொதுப் பிரஷ்ஷின் முடிக்குள்ளும் நாலைந்து விநாடி அடியுங்கள். நான் முதல்முறை அப்படி அடித்தபோது கரும்பழுப்பாக ஓடியது. அன்றிலிருந்து எனக்கு நுரையும் தண்ணீரும் மட்டும்தான், பிரஷ் பக்கமே போவதில்லை. நீங்கள் பயன்படுத்தினால், முடித்ததும் மறுபடி அலசிக் கொக்கியில் மாட்டுங்கள். தரையில் போட்டால் திரும்பவும் மணல் ஏறும்.

காருக்குள் இருக்கும் கால்மிதிகளை வெளியே எடுப்பது, கண்ணாடியை ஏற்றுவது எல்லாம் காசு போடுவதற்கு முன்பே. கடைசியில் டைமரில் சில விநாடி மிச்சமிருந்தால் கீழே விழுந்த சேற்றுக் கட்டிகளை வடிகால் பக்கம் அடித்துத் தள்ளிவிடுங்கள். கன்னைத் திருப்பும் முன் பக்கத்து ஷெட்டை ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே யாராவது கண்ணாடியைத் திறந்து வைத்திருக்கலாம்.