கேள்வி - பதில்: அசையாத கண்ணில் தசை என்ன ஆகும்?

கேள்வி: அப்பாவுக்கு வயது 62, சர்க்கரை நோய் உண்டு. இரண்டு மாதமாக இடது கண் வெளிப்பக்கம் திரும்பவில்லை; எல்லாம் இரண்டாகத் தெரிகிறது. கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாம் நரம்பு வேலை செய்யவில்லை, ஆறு மாதம் பொறுங்கள் என்கிறார் டாக்டர். அதற்குள் தசை செத்துவிடாதா? (வாசகி, தேனி)

பதில்: சாகாது. நரம்பு அறுந்த கால் தசை சில மாதங்களில் சூம்பிவிடும். கண் தசை அவ்வளவு சீக்கிரம் தோற்காது. தசையைப் பழுதுபார்க்கும் சாட்டிலைட் செல்களை பேக்ஸ்7 மரபணுவை வைத்து அடையாளம் காண்கிறார்கள். கால் தசையில் அவை அடிபட்டால்தான் விழிக்கும். கண் தசையிலோ காயமே இல்லாதபோதும் சில செல்கள் பெருகி, பழைய நார்களோடு இணைந்தபடியே இருக்கின்றன. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் லிண்டா மெக்லூன் குழு இதை முயல்களில் காட்டியது. டுஷேன் தசைநோய் (தசைகளைச் சிதைக்கும் பரம்பரை நோய்) உடம்பையே முடக்கினாலும் கண் தசையை விட்டுவைக்கிறது.

ஆனால் ஒரு சிக்கல். நரம்பின் தொடர்பு போனதும் தசையில் மயோஜெனின் மரபணு வேகமெடுக்கும். 'ஆகா, தசை வளர்கிறது' என்று நினைக்கக்கூடாது. புது நார் உருவாக உதவும் அதே மயோஜெனின், புரதத்தைச் சிதைக்கும் அட்ரோஜின்-1, மர்ஃப்1 மரபணுக்களையும் முடுக்கிவிடும். எலியின் கால் தசையில் கண்டது இது. மரபணு அளவு கூடியதை மட்டும் வைத்துத் தசை தேறுகிறது என்று சொல்ல முடியாது.

உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரையால் நரம்பின் நுண்குழாயில் ரத்தம் தடைபட்டிருக்கலாம். அப்படியானால் நரம்பு அறுபடவில்லை. பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்தில் தானே மீளும். அதுவரை ஒரு கண்ணை மூடலாம், அல்லது இரண்டாகத் தெரிவதை ஒன்றாக்கும் பிரிசத்தைக் கண்ணாடியில் ஒட்டிப் போடலாம். ஒரு கண்ணை மூடினால் ஆழம் சரியாகத் தெரியாது; படி இறங்கும்போது கவனம். மூக்குப் பக்கத் தசை இறுகிக்கொண்டே போனால் அதில் போட்டுலினம் ஊசி போடுவார்கள். சுமார் 3 மாதம் தளர்த்தும். அவசரப்பட்டு அறுவை செய்து, பிறகு நரம்பு மீண்டால், கண் எதிர்ப்பக்கம் விலகிவிடும். டாக்டர் பொறுக்கச் சொல்வது அதனால்தான்.

இமை தொங்கி, கண்மணி விரிந்து, தலைவலியும் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓடுங்கள். மூளை ரத்தக்குழாய் வீக்கமாக இருக்கலாம்.

கேள்வி: கண்ணை உருட்டும் பயிற்சி உதவுமா?

பதில்: உதவாது. கட்டளை தசைக்குப் போய்ச் சேரவே இல்லையே.

கேள்வி: ஊசி போட்டே கண் தசையை வளர்க்கலாமாமே?

பதில்: சான் பிரான்சிஸ்கோவின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் 2007-இல் மாறுகண்ணுக்கு அப்படி ஒரு முறையை வெளியிட்டார். மரத்துப்போகச் செய்யும் பியூபிவகெய்ன் மருந்தைத் தசைக்குள் செலுத்தினால் நார்கள் சிதையும். சாட்டிலைட் செல்கள் அவற்றை மறுபடி கட்டும்போது தசை பருக்கும். நரம்பே இல்லாத தசையில் இந்த வழி கைகொடுக்காது: புது நார் முளைத்தாலும் அதை இயக்க ஆளில்லை. அங்கே, கண்ணை மேலும் கீழும் திருப்பும் மேல், கீழ் நேர்தசைகளை வெளிப்பக்கம் நகர்த்தித் தைப்பதுதான் வழக்கம். அதிலும் ஒரே நேரத்தில் மூன்று நேர்தசைகளைக் கழற்றினால், அவற்றோடு வரும் ரத்தக்குழாய்கள் அறுந்து கண்ணின் முன்பகுதிக்கு ரத்தம் குறைந்துவிடும்.