இரவில் ஒழுங்காக நித்திரை கொண்டும் பகலில் கண் சொக்குவது சோம்பேறித்தனமா?

உங்களை யாரோ சோம்பேறி என்று சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேள்வியில் அந்தச் சொல் வந்திருக்காது. கொள்ளுப்பிட்டியில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை செய்த காலத்தில் நானும் அதை நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்போது வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸில் இருந்தோம். பக்கத்து வளவில் அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. சீமெந்துத் தூசிக்கு விடிய விடியத் தும்மல். பாமசியில் சொன்னால் சின்னக் கடதாசி உறையில் குளிசைகளைப் போட்டு, மேலே பேனாவால் ‘இரவு 1’ என்று கிறுக்கித் தருவார்கள். மருந்தின் பெயர்கூட இருக்காது. தும்மல் நின்றது. ஆனால் மறுநாள் காலை கணினிக்கு முன்னால் எண்கள் ஒன்றுக்கு மேல் ஒன்று ஏறி நிற்கும், தலை தானாகக் குனியும். மனேஜர் எல்லோருக்கும் முன்னால், “தலையணை கொண்டுவரச் சொல்லவா?” என்றார். பிளேன்டீக்கு மேல் பிளேன்டீ குடித்தும் சரிவரவில்லை.

தாதியாக இருக்கும் மச்சாள் ஒருநாள் வீட்டுக்கு வந்தவள், உறைக்குள் இருந்ததைப் பார்த்துவிட்டு, “இது பிரிற்றன் எல்லோ? நித்திரை வராமல் வேறென்ன வரும்?” என்று சிரித்தாள். அதன் பிறகுதான் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

நம்மை விழிப்பாக வைத்திருக்கும் மூளை இரசாயனங்களில் ஹிஸ்டமினும் ஒன்று. தும்மலையும் அரிப்பையும் கிளப்புகிற அதே ஹிஸ்டமின்தான். மூளையின் அடிப்பக்கத்தில் இருக்கும் ஹைபோதலமஸ் என்ற பகுதியின் பின்பக்கத்தில் உள்ள ஒரு சிறு நரம்புக் கூட்டம் அதைச் சுரக்கிறது. விழித்திருக்கும்போது சுறுசுறுப்பாக இருக்கும், நித்திரையில் அடங்கிவிடும். குளோர்பெனிரமின் (பிரிற்றன் என்பது இதன் வணிகப் பெயர்) போன்ற பழைய ஒவ்வாமை மருந்துகள் இரத்தத்திலிருந்து மூளைக்குள்ளும் போய் ஹிஸ்டமினின் வேலையைத் தடுக்கின்றன. இரவு போட்டது மறுநாள் பகலிலும் உடம்பில் மிச்சம் இருக்கும். தேநீரில் உள்ள காஃபீன் தடுப்பது வேறொன்றை: விழித்திருக்க விழித்திருக்க மூளையில் சேர்ந்து சோர்வைத் தருகிற அடினோசினை. ஹிஸ்டமின் தடைபட்டுக் கிடக்கும்போது காஃபீனால் எவ்வளவுதான் செய்ய முடியும்?

நோர் அட்ரினலின், அசற்றைல்கோலின், டோபமின் என்ற மற்ற மூளை இரசாயனங்கள் எல்லாமும் விழிப்புக்கு வேண்டியவை. இவற்றைத் தளராமல் பிடித்து வைத்திருப்பது 1998இல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரெக்சின் என்ற இன்னொரு மூளை இரசாயனம். அதைச் சுரக்கும் கலங்கள் அழிந்துபோனவர்களுக்கு வருவதுதான் நார்கோலெப்சி. கதைத்துக்கொண்டிருக்கும்போதே நித்திரை வந்துவிடும், சிரித்தால் முழங்கால் தளர்ந்துவிடும். அவர்களையும் சோம்பேறி என்பீர்களா? வியன்னாவில் வொன் எகோனமோ என்ற மருத்துவர், முதல் உலகப் போர்க் காலத்தில் பரவத் தொடங்கிய ஒருவகை மூளை அழற்சியில் ஹைபோதலமஸின் பின்பகுதி பழுதானவர்கள் ஓயாமல் தூங்கியதையும் முன்பகுதி பழுதானவர்கள் தூங்க முடியாமல் தவித்ததையும் கவனித்து எழுதிவிட்டார். நூறு வருடம் கழிந்தும் எங்கள் மனேஜர்மாருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை.

‘இவர் என்ன டாக்டரா?’ என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: இல்லை, கணக்காளர். எல்லாச் சோர்வுக்கும் குளிசைதான் காரணம் என்றும் நான் சொல்லவில்லை. இரத்தச்சோகை இருக்கலாம், தைரொயிட் இருக்கலாம், குறட்டையோடு மூச்சு அடைபடுவதும் இருக்கலாம். அதையெல்லாம் டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

எனக்கு டாக்டர் லொரற்றடின் என்ற புதிய வகைக்கு மாற்றித் தந்தார். அது மூளைக்குள் அவ்வளவாகப் போகாது. பகலில் கண் சொக்குவது நின்றது. அந்த அடுக்குமாடியும் முடிந்தது. இப்போது அதற்கு அடுத்த வளவை உடைக்கிறார்கள். கல்லும் கம்பியும் வந்து இறங்குவது இரவு பதினொரு மணிக்கு. முறைப்பாடு கொடுத்தால் ‘பார்க்கிறோம்’ என்ற பதிலோடு சரி. அனுமதி கொடுத்தவர்கள் ஒருநாள் இந்த ஒழுங்கையில் படுத்துப் பார்க்கட்டும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தடிமனுக்கோ அலர்ஜிக்கோ ஏதும் எடுக்கிறீர்களா? உறையில் பெயர் இல்லையென்றால் பாமசியில் போய் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் கடையை மாற்றுங்கள்.