பாட்டு இருக்கிறது, பெயர் இல்லை: கேள்வி பதில்

இளவயதில் ஹட்டனில் ஒரு ரெக்கோடிங் பாரில் வேலை செய்தேன். கேசட்டில் பாட்டுப் பதிவது முதலாளியின் வேலை. உறைக்குள் வைக்கும் அட்டையில் பாட்டு வரிசையை அழகாக எழுதுவது என் வேலை. இப்போது அந்தப் பாட்டெல்லாம் கணினிக்கு வந்துவிட்டது, அட்டை மட்டும் வரவில்லை. பிளேயரில் போட்டால் "அன்நோன் ஆல்பம்", "டிராக் 01" என்று வருகிறது. இதைச் சரி செய்வது பற்றி யாரும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, பென்டிரைவில் 2,000 பாட்டுக்கு மேல் இருக்கிறது. பைல் பெயரெல்லாம் சரி. ஆனால் பிளேயரில் எல்லாமே ஒரே "அன்நோன் ஆல்பம்" என்று குவிந்து கிடக்கிறது. ஏன்?

தம்பி, பைலின் பெயர் வேறு, பைலுக்குள் இருக்கும் விவரம் வேறு. கேசட் உறையின் முதுகில் எழுதியது பைல் பெயர் என்றால், உள்ளே மடித்து வைத்த அட்டைதான் டேக். பிளேயர் வாசிப்பது அட்டையை. அது வெறுமையாக இருந்தால் அதற்கு எதுவும் தெரியாது.

எம்பி3 வந்த புதிதில் இந்த அட்டையே கிடையாது. 1996இல் எரிக் கெம்ப் என்பவர் பைலின் கடைசியில் 128 பைட் இடத்தைச் சேர்த்து, பாட்டின் பெயர், பாடகர், ஆல்பம், ஆண்டு ஆகியவற்றை எழுத வழி செய்தார். ஐடி3 என்கிறார்களே, அது இதுதான். பாட்டின் பெயருக்கு 30 எழுத்து, பாடகருக்கு 30, ஆல்பத்துக்கு 30, அவ்வளவுதான் இடம். 1998இல் வந்த இரண்டாம் பதிப்பு பைலின் தொடக்கத்தில் உட்காரும். அதில் அட்டைப் படமும் பாட்டு வரிகளும்கூட வைக்கலாம்.

டேக் எழுத ஒரு மென்பொருள் வேண்டும். விண்டோஸ் என்றால் எம்பி3டேக் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம். லினக்ஸ் என்றால் கிட்3. உங்கள் பைல்களின் பெயர் "03 - பாட்டின் பெயர்" என்று ஒரே அமைப்பில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒரு போல்டரைத் திறந்து பைல்களைத் தெரிவு செய்து, கன்வேர்ட் மெனுவில் பைல் பெயரிலிருந்து டேக்குக்கு மாற்றும் வசதியைப் பிடியுங்கள். எந்த இடத்தில் இலக்கம், எந்த இடத்தில் பெயர் என்று ஒரு முறை சொன்னால் போதும், எல்லாப் பைலுக்கும் அதுவே எழுதிவிடும். எழுதும் முன் கீழே காட்டும் மாதிரியைக் கட்டாயம் பாருங்கள்.

முதலில் வேறொரு இடத்தில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். நான் ஒரு தடவை முழுத் தொகுப்பையும் தெரிவு செய்து வைத்திருந்ததைக் கவனிக்காமல் ஒரு படத்தின் பெயரை அடித்து சேவ் பண்ணிவிட்டேன். 400 பாட்டுக்கும் ஒரே ஆல்பம். உடனே கன்ட்ரோலும் இசட்டும் அழுத்தியதால் தப்பினேன். மென்பொருளை மூடியிருந்தால் எல்லாம் போயிருக்கும். பல பைல்களை ஒன்றாகத் தெரிவு செய்தால் சில பெட்டிகளில் "கீப்" என்று காட்டும். பைலுக்குப் பைல் அந்த விவரம் மாறுகிறது, அப்படியே இருக்கட்டும் என்று பொருள். அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள்.

பண்டாரவளையிலிருந்து ஓர் ஆசிரியை: டேக் எல்லாம் நானே எழுதினேன். ஆனாலும் ஒரு படத்தின் ஆறு பாட்டும் ஆறு ஆல்பமாகப் பிரிந்து நிற்கின்றன. என்ன தவறு?

உங்கள் பக்கம் தவறில்லை, டீச்சர். தமிழ்ப் பாட்டு வைத்திருக்கிற எல்லாருக்கும் வருகிற சிக்கல் இது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மேல்நாட்டு ஆல்பம் என்றால் பெரும்பாலும் ஒரே பாடகர் அல்லது ஒரே குழு. பல பிளேயர்கள் அந்தக் கணக்கில்தான் செய்யப்பட்டிருக்கின்றன. ஆல்பம் பெயரும் பாடகர் பெயரும் சேர்ந்து ஒத்துப்போனால்தான் ஒரே தொகுப்பு என்று எடுத்துக்கொள்ளும். நம்முடைய படப் பாட்டுகளில் அப்படியா? ஒன்றை எஸ்.பி.பாலசுப்ரமணியம் பாடியிருப்பார், அடுத்ததை எஸ்.ஜானகி, இன்னொன்றை இருவரும் சேர்ந்து. பிளேயர் இதை மூன்று ஆல்பமாகப் பிரித்துவிடும்.

இதற்கென்றே "ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்" என்று தனிப் பெட்டி இருக்கிறது. ஆறு பாட்டையும் ஒன்றாகத் தெரிவு செய்து, அந்தப் பெட்டியில் ஆறுக்கும் ஒரே பெயரைப் போடுங்கள். நான் போடுவது இசையமைப்பாளர் பெயரை. நாம் படப் பாட்டைத் தேடுவதே "இளையராஜா பாட்டு", "விஸ்வநாதன் ராமமூர்த்தி பாட்டு" என்றுதானே. பாடகர் பெயர் ஆர்ட்டிஸ்ட் பெட்டியிலேயே இருக்கட்டும். ஒரே பெயரில் வேறு வேறு காலத்தில் இரண்டு படம் வந்திருந்தாலும் இப்படிச் செய்தால் ஒன்றோடொன்று கலக்காது.

பெயரை எழுதும் விதத்தையும் ஒரு தடவை முடிவு செய்து அதையே பிடித்துக்கொள்ளுங்கள். முதலெழுத்துக்குப் பின் புள்ளி வைத்து ஒரு தடவை, இடைவெளி விட்டு ஒரு தடவை எழுதினால் பிளேயருக்கு அவர் இரண்டு பேர். ஆங்கிலத்தில் எழுதினால் இன்னும் மோசம். இளையராஜா பெயரையே ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதுகிறார்கள், என் தொகுப்பில் ஒரு காலத்தில் ஐந்து இளையராஜா இருந்தார்கள். பல படங்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்த தொகுப்பு என்றால் ஆல்பம் ஆர்ட்டிஸ்டில் "பலர்" என்று போட்டுவிடுங்கள்.

கம்பளையிலிருந்து: டேக்கை மாற்றி சேவ் பண்ணினேன். பிளேயரில் பழையதே வருகிறது.

பிளேயர் தன் பட்டியலை ஒரு தடவை எழுதி வைத்துக்கொண்டு அதையே காட்டும். நூலகத்தை மறுபடி ஸ்கேன் பண்ணச் சொல்லுங்கள். அதற்கும் மாறாவிட்டால் பைல் "ரீட் ஒன்லி" ஆக, அதாவது மாற்ற முடியாததாக, இருக்கிறதா, நீங்கள் மாற்றும்போது அதே பாட்டு ஓடிக்கொண்டிருந்ததா என்று பாருங்கள். சில பைல்களுக்குள் ஏப் என்ற இன்னொரு வகை டேக்கும் பழைய விவரத்தோடு கிடக்கும். அதை நீக்கிவிட்டால் சரியாகும்.

பதுளையிலிருந்து ஓர் அக்கா: கடையில் வாங்கிய சீடீயைப் போட்டால் சிலதுக்குப் பாட்டின் பெயர் தானாக வருகிறது, சிலதுக்கு வருவதில்லை. சீடீ பழுதா?

பழுதில்லை அக்கா. சாதாரண ஓடியோ சீடீயில் பாட்டின் பெயரே கிடையாது. சீடீ டெக்ஸ்ட் என்ற வசதி 1996இல்தான் வந்தது, அதையும் எல்லாரும் பயன்படுத்தவில்லை. கணினி செய்வது இதுதான்: எத்தனை பாட்டு, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று அளந்து ஓர் அடையாள எண் உண்டாக்கி, இணையத்தில் இருக்கும் பட்டியலில் தேடும். யாராவது முன்பே அந்த சீடீயின் விவரத்தை ஏற்றி வைத்திருந்தால் பெயர் வரும். யாரும் ஏற்றாவிட்டால் வராது. வீட்டில் பாட்டுகளை மாற்றி அடுக்கி எரித்த சீடீக்கு விடை கிடைக்கவே கிடைக்காது.

பழைய மென்பொருள் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃப்ரீடிபி என்ற பட்டியல் 2020இல் மூடப்பட்டது. அதையே நம்பியிருக்கும் மென்பொருளில் எந்த சீடீக்கும் பெயர் வராது. மென்பொருளின் அமைப்புக்குப் போய் மியூசிக்பிரெய்ன்ஸ் அல்லது ஜிஎன்யூடிபி என்ற பட்டியலுக்கு மாற்றுங்கள்.

கண்டியிலிருந்து: சேர், 2000களில் ஒரு நண்பர் தந்த பாட்டுகள். பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருக்கின்றன, ஆனால் எந்தச் சொல்லும் இல்லை. நடுநடுவே அரைப்புள்ளி வேறு. வைரஸா?

வைரஸ் இல்லை. அது தமிழ்தான், பாமினியில் அடித்த தமிழ். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோட் பரவும் முன் இலங்கையில் அச்சகம், பாடசாலை, கடை என்று எங்கும் பாமினி எழுத்துருதான். அதில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருப்பார்கள். "தமிழ்" என்று அடித்தால் பைலுக்குள் பதிவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. பாமினி எழுத்துருவில் பார்க்கும்போது மட்டும் அது தமிழாகத் தெரியும். பிளேயருக்கு பாமினி தெரியாது. பெயரைக் கொப்பி பண்ணி, பாமினியை யுனிகோடாக மாற்றும் இலவசக் கருவி ஒன்றில் ஒட்டுங்கள். வருவதைத் திரும்ப டேக்கில் ஒட்டிவிடுங்கள். ஒரு எழுத்தும் வீணாகாது.

வேறு இரண்டு கோளாறுகளை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். தலையில் கோடு போட்ட ஆங்கில "ஏ" திரும்பத் திரும்ப வந்து, ஒரு தமிழ் எழுத்துக்கு மூன்று குறி என்று நீண்டு கிடந்தால், அது யுனிகோட் தமிழைப் பிளேயர் தப்பாக வாசிப்பது. எம்பி3டேக்கின் அக்ஷன்களில் கோட்பேஜ், அதாவது எழுத்துக் குறியீடு, மாற்றும் வசதி இருக்கிறது, ஒரு பைலின் பிரதியில் செய்து பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். வெறும் கேள்விக்குறிகளாக இருந்தால் வழியில்லை. எழுத்து எப்போதோ அழிந்துவிட்டது, பாட்டைக் கேட்டுக் கேட்டுத் திரும்ப அடிக்கத்தான் வேண்டும்.

தமிழில் எழுதும்போது ஐடி3 இரண்டாம் பதிப்பில் எழுதுங்கள். முதல் பதிப்பில் யுனிகோடுக்கு இடமே வைக்கவில்லை. யூடிஎஃப்-8 என்ற யுனிகோட் வடிவில் எழுதிப் பார்த்தாலும் ஒரு தமிழ் எழுத்துக் குறிக்கு மூன்று பைட் வேண்டும், 30 பைட்டில் பத்துக் குறிக்கு மேல் நுழையாது.

நானுஓயாவிலிருந்து ஒரு வேன் டிரைவர்: வீட்டில் எல்லாம் சரி. வேன் செட்டில் தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாக வருகிறது, சில பாட்டு ஓடவும் மாட்டேன் என்கிறது.

பல வாகன செட்களில் தமிழ் எழுத்துரு கிடையாது. வீட்டில் இருப்பதைத் தமிழிலேயே வைத்துக்கொண்டு, வேனுக்கு ஆங்கில எழுத்தில் பெயர் போட்ட தனிப் பிரதி எடுங்கள். டேக் ஐடி3 இரண்டாம் பதிப்பிலேயே 2.3 ஆக இருக்கட்டும், பழைய செட்டுகளுக்கு 2.4 சரிவராது. அட்டைப் படம் 500 பிக்சலுக்கு மேல் வேண்டாம். இலக்கத்தை 1, 2 என்று போடாமல் 01, 02 என்று போடுங்கள், இல்லாவிட்டால் 1க்குப் பிறகு 10 பாடும்.

மாத்தளையிலிருந்து: நான் எழுதிய பெயர்களை விண்டோஸ் மீடியா பிளேயர் தானாக மாற்றிவிட்டது!

அதன் ஒப்ஷன்ஸில் லைப்ரரி பக்கத்துக்குப் போங்கள். இணையத்திலிருந்து விவரம் எடுக்கும் இடத்தில், இல்லாததை மட்டும் சேர் என்றும், எல்லாவற்றையும் மாற்றி எழுது என்றும் இரண்டு தெரிவு இருக்கும். உங்களுக்கு இரண்டாவது விழுந்திருக்கிறது. நான் அந்த வசதியையே முழுதாக நிறுத்தி வைத்திருக்கிறேன்.

மஸ்கெலியாவிலிருந்து: ஒரு பாட்டின் பெயரே தெரியாது. பாட்டைக் கேட்டுக் கண்டுபிடிக்கும் மென்பொருள் உண்டா? டேட்டா நிறையப் போகுமா?

பிக்கார்ட் இருக்கிறது, இலவசம், மியூசிக்பிரெய்ன்ஸ்காரர்களுடையது. பாட்டின் முதல் இரண்டு நிமிடத்திலிருந்து ஒரு ஒலி ரேகையை உண்டாக்கி, அதை மட்டும் அனுப்பித் தேடும். பாட்டு போகாது, ஆகவே டேட்டா கொஞ்சம்தான். அட்டைப் படம் இறக்குவதுதான் டேட்டாவைத் தின்னும், அதை நிறுத்தி வையுங்கள். புதிய படப் பாட்டுகளுக்கு நன்றாக வேலை செய்கிறது. பழைய தமிழ்ப் பாட்டுகளுக்குப் பல தடவை விடையில்லாமல் திரும்பி வரும். அங்கே நம் வீட்டுப் பெரியவர்களின் காதுதான் நம்பகமானது. தேடிக் கண்டுபிடித்த விவரத்தை மியூசிக்பிரெய்ன்ஸில் நீங்களே ஏற்றலாம், யாரும் ஏற்றலாம்.

பொகவந்தலாவையிலிருந்து ஒரு மாணவர்: ஐயா, எங்கள் தாத்தா காமன் கூத்து வாத்தியார். 80களில் தோட்டத்தில் நடந்த கூத்தை யாரோ கேசட்டில் பதிந்து கொடுத்திருக்கிறார்கள். தாத்தா இப்போது இல்லை. கடையில் கொடுத்துக் கணினிக்கு மாற்றினேன், 45 நிமிடத்தில் இரண்டு வேவ் பைல் தந்தார்கள். பிளேயரில் "டிராக் 01", "டிராக் 02" என்றுதான் வருகிறது. எதில் தேடினாலும் ஒன்றும் இல்லை.

தம்பி, இதைக் கேட்டதற்கு நன்றி. காமன் கூத்து என்பது மாசியில் நம் தோட்டங்களில் ஆடும் ரதி மன்மதன் கதை. இந்தப் பட்டியலிலேயே முதலில் செய்ய வேண்டிய வேலை உங்களுடையதுதான். படப் பாட்டின் விவரத்தை நான் எழுதாவிட்டால் வேறு ஒருவர் எழுதுவார். உங்கள் தாத்தாவின் கூத்தை உங்கள் வீட்டைத் தவிர யாரும் எழுத முடியாது.

வேவ் என்பது சுருக்காத ஒலிப் பைல். அந்த வேவ் பைல்களை மூலமாகத் தனியே இரண்டு இடத்தில் வையுங்கள், அவற்றை வெட்ட வேண்டாம். வேவில் டேக் எழுதினாலும் பல பிளேயர்கள் அதை வாசிப்பதில்லை. ஆகவே ஓடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் பிரதியைத் திறந்து, கூத்தில் ஒவ்வொரு கட்டமும் தொடங்கும் இடத்தில் கன்ட்ரோலும் பி (B) எழுத்தும் அழுத்தி ஒரு பெயர் கொடுங்கள். ரதி மன்மதன் கல்யாணம், தூது, மன்மதன் எரிவது என்று வாத்தியார்கள் சொல்லும் பெயரையே போடுங்கள். பிறகு பல பைல்களாக ஃபிளாக் என்ற ஒலிப் பைல் வடிவில் ஏற்றுமதி செய்தால் அந்தப் பெயர்களே பைல் பெயராகிவிடும். ஃபிளாக்கில் ஒலி குறையாது, டேக்கும் தமிழிலேயே நிற்கும்.

ஆல்பம் பெட்டியில் "காமன் கூத்து", தோட்டத்தின் பெயர், ஆண்டு. ஆல்பம் ஆர்ட்டிஸ்டில் தாத்தாவின் பெயர். ஆர்ட்டிஸ்டில் அந்தக் கட்டத்தில் பாடுகிறவர்கள். குறிப்புப் பெட்டியில் மற்றதெல்லாம்: தோட்டத்தின் எந்த டிவிசன், யார் ரதி, யார் மன்மதன், தப்பு மேளம் அடித்தவர்கள் யார், பதிந்தவர் யார், கேசட்டை யார் பாதுகாத்தார். தோட்டத்துக்கு ஆபீஸ் பெயர் ஒன்றும் நம் ஆட்கள் கூப்பிடும் தமிழ்ப் பெயர் ஒன்றும் இருக்கும், இரண்டையும் எழுதுங்கள். இன்னும் இருபது வருடத்தில் தேடுகிறவர் எந்தப் பெயரில் தேடுவார் என்று நமக்குத் தெரியாது.

குரல் யாருடையது என்று தெரியாவிட்டால், தாத்தாவோடு ஆடியவர்களிடம் போனில் போட்டுக் காட்டுங்கள். தப்பு விழுகிற விதத்தை வைத்தே அடிப்பவர் யார் என்று சொல்லும் ஆட்கள் தோட்டத்து லய வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். இந்த மாசிக்கு முன் இதை முடித்துவிடுங்கள், கூத்து நடக்கும் நேரத்தில் யாரும் உட்கார்ந்து பேச மாட்டார்கள். ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால் ஆண்டுப் பெட்டியை வெறுமையாக விட்டு, குறிப்பில் "அம்மா பிறந்த வருடத்துக்கு அடுத்த மாசி என்று பாட்டி சொன்னார்" என்று அப்படியே எழுதுங்கள். ஊகத்தை இலக்கமாக்கினால் அடுத்தவர் அதை உண்மை என்று எடுத்துக்கொள்வார்.

அந்த கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நம் பக்கத்து ஈரத்துக்கு நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்கும். அப்படி இருந்தால் எந்த செட்டிலும் போடாமல், காற்றுப் புகாத டப்பாவில் வைத்து ஹட்டனுக்கு வரும்போது கொண்டு வாருங்கள். துடைத்து, மறுபடி தெளிவாகப் பதிந்து தருகிறேன். உறையில் ஏதாவது கையெழுத்து இருந்தால் அந்த அட்டையையும் சேர்த்து எடுத்து வாருங்கள்.