லவ் பேர்ட்ஸ் வாங்கும்போது ‘கை பழகின குஞ்சு’ன்னு சொன்னா எக்ஸ்ட்ரா காசு குடுக்கலாமா?

கேள்வி: பொண்ணு ஆறாவது படிக்கிறா, கிளி வேணும்னு ஒரே அடம். கடையில சாதா லவ் பேர்ட்ஸ் ஜோடி 500 ரூபா, கை பழகின குஞ்சுன்னா ஒண்ணே 1,500ங்கிறாங்க. சாதா குஞ்சு ஒண்ணு மட்டும் குடுங்கன்னா தனியா இருந்தா செத்துடும், ஜோடியா தான் தருவோம்ங்கிறாங்க. எதை வாங்குறது?

பதில்: செத்தெல்லாம் போகாதும்மா. நம்ம ஊர்ல லவ் பேர்ட்ஸ்னு விக்கிறது பெரும்பாலும் பட்ஜி, ஆஸ்திரேலியாவுல கூட்டம் கூட்டமா பறக்கிற சின்னக் கிளி, அதனால பேச்சுத் துணை இல்லாம அதால இருக்க முடியாது, அது நிஜம். ஆனா அந்தத் துணை நீங்களாவும் இருக்கலாம். பகல் பூரா வீடு பூட்டிக் கிடக்கும்னா ஜோடியாவே வாங்குங்க, அதுங்க ஒண்ணுக்கொண்ணு ஒட்டிக்கும், உங்க கைக்கு வர லேட் ஆகும். வீட்ல எப்பவும் ஆள் இருக்குன்னா சிங்கிள் தான் சீக்கிரம் பழகும்.

இப்ப அந்த 1,500 ரூபா மேட்டர். கடைக்காரர் கையில அது உக்காந்திருக்குறத பாத்து காசு எடுக்காதீங்க. அவரைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லிட்டு நீங்க மெதுவா விரல நீட்டிப் பாருங்க, பயப்படாம ஏறுச்சுன்னா சரி, பழகினது தான். உடம்பைக் குறுக்கிக்கிட்டு, இறகெல்லாம் ஒட்டிப்போய், கண்ண அகலமா வெச்சுக்கிட்டு அசையாம நின்னா அது பழக்கம் இல்ல, பயம். அப்புறம் றெக்கையை விரிச்சுக் காட்டச் சொல்லுங்க. நீள இறகு எல்லாம் வரிசையா வெட்டியிருந்தா அது பறக்க முடியாம தான் அங்க உக்காந்திருக்கு, கத்தரிக்கோலுக்கா ஆயிரம் ரூபா எக்ஸ்ட்ரா? அடுத்த தடவை இறகு உதிர்ந்து புதுசு முளைச்சதும் பறக்க ஆரம்பிச்சிடும், பழக்கம்னு சொன்னதெல்லாம் அன்னைக்கே முடிஞ்சுது.

இன்னொன்னு, கண்ணே சரியா திறக்காத குஞ்சக் குடுத்து சிரிஞ்சுல கூழ் ஊட்டுங்க, அப்ப தான் ஒட்டிக்கும்னு சொல்லி விக்கிறாங்க. வாங்கவே வாங்காதீங்க. கூழ் சூடு கொஞ்சம் கூடினா தொண்டைப்பை வெந்துடும், மூச்சுக்குழல்ல போனா ஆள் காலி. தானா தினை கொத்தித் தின்ன ஆரம்பிச்ச குஞ்சு போதும்.

என்னைக் கேட்டா சாதா குஞ்சு தான் வாங்குவேன், ஆனா வயசு பாத்து. நெத்தியில இருக்கிற கறுப்புக் கோடு மூக்கு வரைக்கும் இறங்கியிருக்கணும், கண்ணு முழுக்கக் கறுப்பா இருக்கணும். 3, 4 மாசத்துல முதல் தடவை இறகு உதிரும்போது அந்தக் கோடு பின்னாடி போயிடும், அப்புறம் கண்ணுக்குள்ள கருமணியைச் சுத்தி வெள்ளை வளையம் தெரியும். (சில கலர் கிளில இந்தக் கோடு கண்ணு கணக்கு எதுவும் செல்லாது, முழு மஞ்சளும் வெள்ளையும் வாங்கும்போது ஜாக்கிரதை.) பகல்ல இறகை உப்பிக்கிட்டுக் கீழ தரையில உக்காந்திருந்தா, மூச்சு விடும்போது வாலும் சேர்ந்து ஆடுனா, பின்பக்கம் எச்சம் ஒட்டியிருந்தா, பாதி விலைக்குக் குடுத்தாலும் வேணாம்.

பில் கட்டாயம் கேளுங்க. 2018ல வந்த பெட் ஷாப் விதிப்படி கடை மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு பண்ணியிருக்கணும். ஏமாத்திட்டாங்கன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915, ஆனா கையில துண்டுச் சீட்டு கூட இல்லாம என்ன பேசுறது?

கேள்வி: வாங்கி ரெண்டு வாரம் ஆச்சு, கையக் கிட்ட கொண்டுபோனாலே கூண்டுக்குள்ள படபடன்னு அடிச்சுக்குது. கண்ணாடி, ஊஞ்சல், முட்டை வைக்கிற பானைன்னு எல்லாமே வாங்கிப் போட்டாச்சு. வேற என்ன வாங்கணும்?

பதில்: வாங்குறது இருக்கட்டும், முதல்ல அந்தக் கண்ணாடியையும் பானையையும் கழட்டுங்க. கண்ணாடில தெரியிற கிளி தான் அதுக்கு ஃப்ரெண்டு, பானை இருந்தா நாள் பூரா உள்ள ஒளிஞ்சுக்கும், உங்களுக்கு எங்க நேரம் இருக்கும்! கூண்டு நடுக்கூடத்துல தொங்க வேணாம், ஒரு பக்கமாவது சுவரை ஒட்டி, உங்க கண் மட்டத்துக்கு இருக்கட்டும். கிச்சன்ல கூடவே கூடாது, நான்ஸ்டிக் தவா காய்ஞ்சு வர்ற புகைக்கே செத்துடும்.

இனி செலவு ஒண்ணு தான், தினைக் கதிர். சாப்பாட்டுத் தட்டுல அதைப் போடாதீங்க, உங்க கையில மட்டும் தான் கிடைக்கணும். பட்டினி போடுறதுன்னு அர்த்தம் இல்ல, முப்பது நாப்பது கிராம் எடை உள்ள ஜீவன், ஒரு நாள் தாங்காது, வழக்கமான தீனி எப்பவும் இருக்கட்டும். முதல்ல சும்மா பக்கத்துல உக்காந்து பேசுங்க, பேப்பர் படிங்க, அது தன் பாட்டுக்கு தின்ன ஆரம்பிக்கிற வரைக்கும் கை உள்ள போக வேணாம். அப்புறம் கம்பி வழியா கதிர நீட்டுங்க, வந்து கொத்துச்சுன்னா அடுத்த கட்டமா கைய உள்ள விட்டு அசையாம வைங்க, பத்து நிமிஷம் போதும், காலைல ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவை. கதிருக்காக விரல் மேல ஒரு கால் வெச்சதுக்கப்புறம் தான் வயித்துக்குக் கீழ, காலுக்கு மேல விரல லேசா அழுத்தி ஏறச் சொல்லணும். கடிச்சா வெடுக்குனு கைய இழுக்காதீங்க, கடிச்சா கை ஓடிடும்னு கத்துக்கும். துரத்திப் பிடிக்கிறது, துணி போட்டு அமுக்குறது எதுவும் வேணாம், ஒரு தடவை பண்ணாலும் பழசெல்லாம் வேஸ்ட். நீங்க பக்கத்துல இருக்கும்போதே ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டு அலக நறநறன்னு தேய்ச்சா நிம்மதியா இருக்குன்னு தெரிஞ்சுக்கலாம். வெளிய விடும்போது ஃபேன ஆஃப் பண்ணுங்க, பசங்ககிட்டயும் சொல்லி வைங்க.

கேள்வி: லவ் பேர்ட்ஸுக்குப் பதிலா நம்ம பச்சைக்கிளி வாங்கலாமா? நல்லா பேசும்ங்கிறாங்க.

பதில்: வேணாம். நம்ம நாட்டுக் கிளிய வாங்குறதும் வளக்குறதும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குத்தம். 2023ல சென்னைல ஒரு சினிமா நடிகர் வீட்ல ரெண்டு கிளி இருந்ததுக்கு வனத்துறை ரெண்டரை லட்சம் அபராதம் போட்டுச்சு. ஏற்கனவே வீட்ல இருந்தா நீங்களா திறந்து விடாதீங்க, கூண்டுலயே வளந்தது காக்கா கழுகுகிட்ட மாட்டிக்கும், பக்கத்து வனத்துறை ஆபீஸ்ல கொண்டுபோய்க் குடுங்க.