பந்து எங்கே, ஓட்டம் எத்தனை? வர்ணனைக்கு வரும் ஓர் இளைஞரின் கேள்வி

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு செம்பனை ஆலையில் இரவு வேலை பார்க்கிறேன். காலையில் வேலை முடிந்து வீடு திரும்பும்போது அமெரிக்க பேஸ்பால் ஆட்டங்களின் வானொலி வர்ணனையைக் கைப்பேசியில் கேட்பது என் வழக்கம். அடுத்த மாதம் எங்கள் தோட்டத் திடலில் பேஸ்பாலைப் போன்றே, சிறிய திடலில் ஆடும் சாஃப்ட்பாலில் பெண்களுக்கான போட்டி நடக்கிறது. தோட்டத்தை விட்டு ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனவர்கள் கேட்பதற்காக, ஒலியை மட்டும் நேரலையாக அனுப்பப் போகிறார்கள். தமிழ் வர்ணனையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். ஒத்திகையில் மூச்சு விடாமல் பேசினேன். கேட்ட நண்பனோ ஆட்டம் ஒன்றுமே புரியவில்லை என்கிறான். நல்ல வர்ணனையாளருக்கு என்னதான் வேண்டும்? என் தங்கையும் ஓர் அணியில் ஆடுகிறாள். அது இடைஞ்சலாகுமா?

பதில்: உங்கள் நண்பரை விட்டுவிடாதீர்கள், உங்களுக்குத் தேவையான தேர்வாளர் அவர்தான். வர்ணனை என்றதும் கணீரென்ற குரலும் அடுக்குமொழியும் வேண்டும் என்று நம்மவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி பிடிப்பவருக்கு அவை உதவலாம். ஆனால் ஒலி மட்டுமே போகும் நேரலையில், கேட்பவர் ஆட்டத்தை முதலிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஜொகூரில் வேலை முடிந்து பேருந்தில் ஏறிய ஒருவர் நான்காவது இன்னிங்ஸின் நடுவில்தான் காதொலிப்பானைச் செருகுவார். எந்த அணி முன்னணியில் இருக்கிறது, எத்தனை பேர் அவுட், எந்தத் தளத்தில் (பேஸில்) யார் நிற்கிறார் என்ற மூன்றும் அடுத்த இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். இதை மறக்காமல் செய்பவரை நான் நல்ல வர்ணனையாளர் என்பேன், குரல் சுமாராக இருந்தாலும்.

அமெரிக்காவில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கு வர்ணனை செய்த ரெட் பார்பர், முட்டை வேகும் நேரத்தை அளக்கும் மூன்று நிமிட மணற்கடிகாரம் ஒன்றை மேசையில் வைத்திருந்தார். மணல் இறங்கி முடிந்ததும் ஓட்டக் கணக்கைச் சொல்லிவிட்டு, கடிகாரத்தைக் கவிழ்த்து வைப்பார். தொழில் தெரிந்தவருக்கு எதற்கு இந்த விளையாட்டுப் பொருள் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. பிறகு ஒரு காற்பந்து இறுதியாட்டத்தில், விறுவிறுப்பில் மூழ்கி, கோல் கணக்கைச் சொல்லாமலே நெடுநேரம் பேசித் தீர்த்துவிட்டேன். மறுநாள் மளிகைக் கடையில் ஒரு பெரியவர் என்னைப் பிடித்து நிறுத்தி, "நல்லாத்தான் பேசினீங்க தம்பி, ஆனா யாரு ஜெயிச்சிக்கிட்டு இருந்தாங்க?" என்று கேட்டார். அன்று முதல் என் மேசையிலும் ஒரு கடிகாரம் இருந்தது.

அடுத்ததாக, ஆங்கில வர்ணனையைக் கேட்டுப் பழகிய உங்களுக்குத் தமிழில் மட்டும் வரும் ஒரு சிக்கல். நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில்தான் வரும். "மூன்றாம் தளத்தை நோக்கித் தரையோடு உருண்டு வந்த பந்தைக் குனிந்து எடுத்த ஆட்டக்காரர் முதல் தளத்துக்கு எறிந்து மட்டையாளரை வெளியேற்றினார்" என்பது இலக்கணப்படி நல்ல வாக்கியம். நாளிதழில் அப்படியே அச்சிடலாம். நேரலையிலோ, 'வெளியேற்றினார்' என்ற சொல் வாயிலிருந்து வருவதற்குள் அடுத்த மட்டையாளர் வந்து நின்றுவிடுவார். எச்சங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், முற்றுகளாக உடைத்துச் சொல்லுங்கள்: "அடித்தார். தரைப்பந்து. மூன்றாம் தளப் பக்கம். எடுத்துவிட்டார், எறிகிறார், முதல் தளத்தில் அவுட்!" பந்து போகும் வரிசையும் உங்கள் சொல் போகும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும். நண்பருக்குப் புரியாமல் போனதற்கு இதுவே பெரிய காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: தமிழ் வினைமுற்று எழுவாயை விழுங்கிவிடும். திடலில் ஒன்பது பேர் நிற்கையில் "எடுத்தார், எறிந்தார், பிடித்தார்" என்றால் யார் எவர் என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும்? மூன்று வினைக்கு ஒரு முறையாவது பெயர் வந்தாக வேண்டும்.

சாஃப்ட்பாலில் அவகாசமும் குறைவு. பேஸ்பாலில் வீச்சாளருக்கும் மட்டையாளர் நிற்கும் இடத்துக்கும் இடையே 18.44 மீட்டர், பெரியவர்களின் மகளிர் சாஃப்ட்பாலில் அது 13.11 மீட்டர்தான். தளங்களுக்கு இடையிலான தூரமும் 27 மீட்டருக்குப் பதிலாக 18 மீட்டரை ஒட்டியே இருக்கும். ஆகவே காலையில் நீங்கள் கேட்கும் அந்த நிதானமான பேச்சை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பந்து உங்களை முந்திவிடும்.

சொற்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்ட்ரைக், அவுட், ஹோம் ரன் ஆகியவற்றைத் திடலில் பிள்ளைகளே அப்படித்தான் கூவுகிறார்கள்; வலிந்து தமிழாக்கி அவர்களையும் கேட்பவரையும் குழப்ப வேண்டாம். உங்களைக் கவிழ்க்கப் போகிற சொல் 'பால்'தான். தோட்டத்தில் வளர்ந்த ஒருவரிடம் "இரண்டு பால்" என்றால் வாளியும் பால்மரமும் நினைவுக்கு வருமே ஒழிய, மட்டையாளர் அடிக்கத்தக்க எல்லைக்கு வெளியே போன வீச்சு நினைவுக்கு வராது. "வெளி வீச்சு இரண்டு, ஸ்ட்ரைக் ஒன்று" என்று முழுதாகவே சொல்லுங்கள். "இரண்டுக்கு ஒன்று" என்று சுருக்கினால் அதை ஓட்டக் கணக்காக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. வீச்சுக் கணக்கை வீச்சாளரின் பெயரோடும், ஓட்டக் கணக்கை அணியின் பெயரோடும் சேர்த்தே சொல்லிப் பழகினால் இரண்டும் கலக்காது.

திசையைச் சொல்வதில் உங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. பெரிய நிலையங்களின் வர்ணனையாளர்களுக்கு அது கிடைப்பதில்லை. உங்கள் நேயர்கள் அந்தத் திடலிலேயே ஓடி விளையாடியவர்கள். "இடது வெளித்திடல்" என்று ஒரு முறை சொல்லிவிட்டு, "கோயில் பக்கம்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பந்து செம்பனை வரிசையை நோக்கிப் பறந்தது என்றால், எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைச் சிங்கப்பூரில் இருப்பவர் மீட்டர் கணக்கில்லாமலே அறிந்துகொள்வார்.

உள்ளதை மட்டும் சொல்லுங்கள். 1958இல் டாட்ஜர்ஸ் அணி லாஸ் ஏஞ்சலிஸுக்கு இடம்பெயர்ந்து ஒரு மிகப் பெரிய அரங்கத்தில் ஆடத் தொடங்கியபோது, நேரில் பார்க்க வந்தவர்களே டிரான்சிஸ்டர் வானொலியைக் கையோடு கொண்டுவந்து வின் ஸ்கல்லியின் வர்ணனையைக் கேட்டார்கள். கண்ணால் பார்த்துக்கொண்டே காதால் கேட்கும் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் சாதாரணப் பந்தைப் பிரமாதமான பந்தாக்க முடியுமா? உங்கள் திடலிலும் கைப்பேசியோடு நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். இணையத் தொடர்பு அறுந்து மீண்டும் வந்தால், இடையில் நடந்ததை இரண்டே வரியில் சொல்லிவிட்டு மேலே போங்கள். பின்னாளில் அமெரிக்க அதிபரான ரொனால்ட் ரேகன், 1930களில் தந்தியில் வரும் குறிப்புகளை வைத்துக்கொண்டு நிலையத்தில் இருந்தபடியே ஆட்டங்களை வர்ணித்தவர். ஒரு நாள் தந்தி நின்றுபோக, அது திரும்பி வரும்வரை மட்டையாளர் பந்தைப் பக்கக்கோட்டுக்கு வெளியே, செல்லாத அடியாக (ஃபவுல்), மறுபடி மறுபடி அடிப்பதாகக் கதை கட்டியதை அவரே பின்னர் சிரித்துக்கொண்டு சொல்வார். கதை சுவையானதுதான், நமக்கு ஆகாது.

வீச்சுக்கும் வீச்சுக்கும் நடுவே என்ன பேசுவது என்பதற்கு முன்தயாரிப்பு ஒன்றே வழி. இதற்கு நான் காட்டும் ஆள் ஹைமே ஹர்ரின். ஈக்வடாரிலிருந்து 1955இல் அமெரிக்காவுக்கு வந்தபோது அவருக்கு பேஸ்பால் அறிமுகமே இல்லை. டாட்ஜர்ஸ் ஆட்டங்களை ஸ்பானிய மொழியில் ஒலிபரப்பும் வாய்ப்பு அவர் வேலை செய்த நிலையத்துக்குக் கிடைத்தது. அவர் அவசரப்படாமல் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு 1959இல் வர்ணனைக்கு வந்தார். 2022 வரை அந்த இருக்கையில் இருந்தார். வீட்டில் வேறு மொழி பேசும் உழைப்பாளிகளுக்கு அவர்கள் மொழியிலேயே ஆட்டத்தைக் கொண்டுபோனவர் என்பதால், உங்கள் வேலைக்கு இவரே நெருங்கிய முன்னோடி. நீங்கள் செய்ய வேண்டியது இதைவிட எளிது. போட்டிக்கு முந்தின பயிற்சிக்கே போய் உட்காருங்கள். ஒவ்வொரு வீராங்கனையின் பெயரையும் அவரிடமே கேட்டு, உச்சரிப்பைத் தமிழெழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மலாய், சீன, பூர்வகுடிப் பெயர்களில் இது மிகவும் முக்கியம், ஏனென்றால் தன் பிள்ளையின் பெயர் சிதைவதை எந்தத் தாயும் பொறுக்கமாட்டார். ஓட்டப் பதிவேடு எழுதவும் கற்றுக்கொள்ளுங்கள். முன்பு இதே மட்டையாளர் என்ன செய்தார் என்பது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், இடைவெளியை நிரப்பக் கவிதை தேட வேண்டியிருக்காது.

சில இடைவெளிகளை நிரப்பவே கூடாது. 1974 ஏப்ரல் 8 அன்று அட்லாண்டாவில் ஹாங்க் ஆரன் தம் 715ஆவது ஹோம் ரன்னை அடித்துப் பேப் ரூத்தின் சாதனையைக் கடந்தபோது, ஸ்கல்லி பந்து போன வழியைச் சொல்லி முடித்துவிட்டு நெடுநேரம் வாய் திறக்கவில்லை. கூட்டத்தின் ஆரவாரமே வானொலியில் போனது. உங்கள் திடலில் உறுமி மேளம் இருக்கும் அல்லவா? ஒரு நல்ல ஓட்டம் விழுந்ததும் ஒலிவாங்கியை அந்தப் பக்கம் திருப்பிப் பிடியுங்கள். ஊரை விட்டுப் போனவருக்கு அந்தச் சத்தம் உங்கள் பேச்சைவிடப் பெரிது.

குரலைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். குளிர்ந்த பானம் வேண்டாம், கத்த வேண்டாம், அவ்வளவே. ஒத்திகையைப் பதிவு செய்து நண்பரிடம் கொடுங்கள். நடுவில் எங்காவது நிறுத்தச் சொல்லி, ஓட்டம் எத்தனை, அவுட் எத்தனை, தளத்தில் யார் என்று கேளுங்கள். மூன்றுக்கும் அவர் தடுமாறாமல் பதில் சொன்னால் நீங்கள் ஒலிவாங்கியைப் பிடிக்கலாம்.

தங்கை ஆடுவது இடைஞ்சல் அல்ல, மறைப்பதுதான் இடைஞ்சல். முதல் இன்னிங்ஸில் அவர் மட்டை பிடிக்க வரும்போது "இவர் என் தங்கை" என்று ஒரே ஒரு முறை சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு மற்றப் பெண்களைச் சொல்வதுபோலவே பெயரும் மரியாதை விகுதியும் போட்டுச் சொல்லுங்கள். வீட்டில் "அவள்" என்றாலும் ஒலிவாங்கியில் "அவர்"தான். மூன்றாவது ஸ்ட்ரைக்கில் அவர் அவுட் ஆனால் அவுட் என்று சொல்லி, அடுத்த மட்டையாளரின் பெயரை வாசியுங்கள்.