கொட்டேஷனில் இருக்கும் வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம்?

கேள்வி: கரூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். கவுண்டரில் ஒரு கம்ப்யூட்டர், பின்னால் குடோனில் ஒன்று. பில்லிங் சாஃப்ட்வேர் விசாரித்ததில் ஒருவர், “மல்டி யூசர் பெர்பெச்சுவல் லைசென்ஸ் ரூ.40,000, ஏஎம்சி 20%, ஸ்டாட்டிக் ஐபி, 8 போர்ட் ஸ்விட்ச், கேட் 6 கேபிள் 60 மீட்டர், வரி தனி” என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். இன்னொருவர், “கிளவுட், வருஷம் ரூ.12,000, வரி தனி” என்கிறார். இதெல்லாம் என்ன? எனக்கு எது தேவை?

பதில்: பெர்பெச்சுவல் என்றால், ஒரு தடவை பணம் கட்டிவிட்டால் அந்தப் பதிப்பை நீங்கள் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் ஓட்டலாம். கிளவுட் என்றால் சாஃப்ட்வேரும் உங்கள் டேட்டாவும் கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கும், நீங்கள் நெட் வழியாகப் பயன்படுத்துவீர்கள். அதன் சப்ஸ்கிரிப்ஷன் வாடகை மாதிரி; கட்டும்வரை ஓடும். “சொந்தமா வாங்கிடுங்க சார், அதுதான் லாபம்” என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

லைசென்ஸ் 40,000, அதற்கு 18% ஜிஎஸ்டி, ஆக 47,200. ஏஎம்சி என்பது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம். 20% என்றால் 8,000, வரியோடு 9,440. முதல் வருஷம் இலவசம் என்றே வைத்துக்கொண்டாலும் மீதி நாலு வருஷத்துக்கு 37,760. ஐந்து வருஷத்தில் மொத்தம் 84,960. கிளவுட்காரர் கணக்கு, வரியோடு வருஷம் 14,160, ஐந்து வருஷத்துக்கு 70,800. நீங்கள் கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம், அதாவது நீங்கள் செலுத்த வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் முடியாது.

அப்படியானால் ஏஎம்சி போடாமல் விட்டால்? சாஃப்ட்வேர் ஓடும், புதிய பதிப்பு வராது. 2025 செப்டம்பர் 22-ல் சிமெண்டுக்கு வரி 28%-லிருந்து 18% ஆனதே, அதுபோன்ற மாற்றத்தைப் பெரும்பாலும் நாமே உள்ளே போய்த் திருத்திக்கொள்ளலாம். ஜிஎஸ்டி ரிட்டர்ன் படிவமே மாறும்போதுதான் அப்டேட் இல்லாதவர் மாட்டுவார். எனவே கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: ஏஎம்சியில் அப்டேட் உண்டா, வெறும் போன் சர்வீஸ்தானா? 20% என்பது நான் கொடுத்த விலையிலா, அன்றைய விலைப்பட்டியலிலா? இந்த இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. விலைப்பட்டியல் ஏற ஏற ஏஎம்சியும் கூடவே ஏறும்.

மல்டி யூசர் என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு அர்த்தம். டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் சில்வர் ஒரு கம்ப்யூட்டருக்கு, கோல்டு ஒரே லேனில், அதாவது கடைக்குள் ஒன்றோடொன்று இணைத்த நெட்வொர்க்கில், இருக்கும் பல கம்ப்யூட்டர்களுக்கு. வேறு சிலர் தலைக்கு இவ்வளவு என்பார்கள். உங்களுக்கு இரண்டு போதும், அதை எழுத்தில் வாங்குங்கள்.

கிளவுடில் விலையை விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பணம் கட்டுவதை நிறுத்தினால் பழைய பில்கள் கிடைக்குமா? ஜிஎஸ்டி சட்டப்படி, அந்த வருஷத்தின் ஆண்டு ரிட்டர்னுக்குரிய கடைசி தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். டெமோ காட்டும்போதே, “மொத்த டேட்டாவையும் எக்செல்லில் இறக்கிக் காட்டுங்கள்” என்று சொல்லுங்கள். “அதெல்லாம் அப்புறம் பண்ணிக்கலாம்” என்றால் வேறு ஆளைப் பாருங்கள். காட்டிவிட்டால், இரண்டு கம்ப்யூட்டர் உள்ள கடைக்கு நான் கிளவுடையே சொல்வேன். உங்கள் தெருவில் நெட் அடிக்கடி போகுமென்றால் மட்டும் யோசியுங்கள்.

ஸ்டாட்டிக் ஐபி உங்களுக்கு வேண்டாம் என்றே நினைக்கிறேன். ஐபி என்பது இன்டர்நெட்டில் உங்கள் லைனுக்கு உள்ள முகவரி எண்; ஸ்டாட்டிக் என்றால் மாறாதது. பழைய முறை ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். அதனால் பல பிராட்பேண்ட் கம்பெனிகள் ஒரே முகவரியைப் பல வீடு, கடைகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கின்றன. வெளியிலிருந்து உங்கள் கடை கம்ப்யூட்டரை நேராகக் கூப்பிட முடியாது. அதற்குத்தான் மாறாத தனி முகவரி. ஆனால் கிளவுட் எடுத்தால் வீட்டிலிருந்தே பில் பார்க்கலாம், இது தேவையே இல்லை. கடை கம்ப்யூட்டரிலேயே சாஃப்ட்வேர் போட்டால்கூட, “ஸ்டாட்டிக் ஐபி வாங்கி ரிமோட் டெஸ்க்டாப் போர்ட்டைத் திறந்து விடுறேன்” என்பவரை அனுப்பிவிடுங்கள். வெளியிலிருந்து உங்கள் கம்ப்யூட்டரை இயக்க விடும் வாசல் அது. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர்க்காரர்கள் தேடி வருவதே அந்த வாசலைத்தான்.

ஸ்விட்ச் என்பது ஒரு ஒயரைப் பலதாகப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. உங்கள் ரூட்டரின் முதுகில் காலி ஓட்டை இருந்தால் அதுவும் வேண்டாம். கேட் 6 என்பது கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க் ஒயரில் ஒரு ரகம், 60 மீட்டர் சரி. 100 மீட்டர் வரை தாராளமாக ஓடும். ஆனால் உள்ளே செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்று பாருங்கள். பிந்தையதை “சிசிஏ” என்பார்கள், விலை குறைவு. கம்பியைப் பிளேடால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். ஹார்டுவேர் கடைக்காரருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் லைனுக்குப் பணம் கட்டுகிறேன். டவுன்லோடு போட்டால் 12-தான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை. அவர்கள் விற்பது மெகாபிட். டவுன்லோடு காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட், 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. உங்களுக்கு வருவது முழு வேகம். அப்லோடு எவ்வளவு என்று மட்டும் கேட்டுவையுங்கள். சிசிடிவியைப் போனில் பார்ப்பவருக்கு அதுதான் முக்கியம்.

கேள்வி: சாஃப்ட்வேர்காரர் சர்வீஸுக்கு வரவே மாட்டேன் என்கிறார். கடைக்கு வாங்கியதற்கு நுகர்வோர் கோர்ட்டில் கேஸ் போட முடியாது என்கிறாரே, நிஜமா?

பதில்: பாதி நிஜம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை நுகர்வோராக ஏற்பதில்லை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கிப் பயன்படுத்துபவருக்கு விலக்கு உண்டு. நீங்களே உட்கார்ந்து நடத்தும் சின்னக் கடை என்றால் அதைச் சொல்லி வாதாடலாம். முதலில் 1915-க்குப் போன் போடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் அது. ஏஎம்சி பில், நீங்கள் புகார் சொன்ன வாட்ஸ்அப் செய்திகள், இரண்டும் கையில் இருக்கட்டும்.