இரவு இரண்டு மணிக்குப் போடும் கணக்கு

அன்புள்ள அக்கா,

உங்கள் எழுத்துகளை ஒரு வருடமாக வாசித்து வருகிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. நான் திருகோணமலையில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். வைகாசியில் என் கணவருக்குச் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியிருக்கிறது என்று டொக்டர் சொன்னார். இப்போதைக்கு மருந்தும் கிளினிக்கும்தான், அவர் வேலைக்கும் போய்வருகிறார். ஆனால் ‘பின்னுக்கு டயலிசிஸ் தேவைப்படலாம்’ என்று டொக்டர் சொன்ன அந்த ஒரு சொல் என்னை விடுகிறதில்லை. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். கிழமைக்கு எத்தனை தடவை, யார் கூட்டிக்கொண்டு போவது, என் லீவு எத்தனை நாள் மிச்சம், கடன், இரண்டு பிள்ளைகள், கடைசியில் அவர் இல்லாத வீடு. விடியும்வரை இந்தக் கணக்குத்தான். ஜெபம் பண்ணுகிறேன், பயம் போகவில்லை. சபையில் ஒரு அக்காவிடம் சொன்னேன், ‘பயப்படுகிறவர்களுக்கு விசுவாசம் இல்லை’ என்றார். அதற்குப் பிறகு ஒருவரிடமும் சொல்லவில்லை, இவரிடமும் சொல்லவில்லை. வரப்போகிற சோதனையை நான் தாங்குவேன் என்று எனக்கு நம்பிக்கையே இல்லை. அடுத்த கிளினிக் 18ஆம் திகதி. என் விசுவாசம் பொய்யா அக்கா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கச்சி,

முதலில் அந்தச் சபை அக்கா சொன்னதை ஒரு பக்கம் வைத்துவிடுவோம். அவர் கெட்ட மனதோடு சொல்லியிருக்க மாட்டார், ஆனால் சொன்னது பிழை. கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவர் இயேசு என்ன செய்தார்? விடிந்தால் வரப்போகிற பாட்டை முதல்நாள் இரவே பார்த்துவிட்டு, ‘இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கும்படி செய்யும்’ என்று பிதாவைக் கேட்டார். வேர்வை பெரிய இரத்தத் துளிகள்போலத் தரையில் விழுந்தது என்று லூக்கா எழுதுகிறார். மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய் என்னோடு விழித்திருங்கள் என்று கேட்டார், அவர்கள் நித்திரையாகிவிட்டார்கள். அந்த இரவில் அவர் பட்டதை விசுவாசக் குறைவு என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? நீங்களும் ஜெபித்து, பயம் போகாமல், மறுபடியும் அவரிடமே போய்க் கேட்கிறீர்கள். விசுவாசம் பொய்யென்றால் யாரிடம் போய்க் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்?

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நான் பலமுறை வாசித்தேன். வரப்போகிற சோதனையைத் தாங்குவேன் என்ற நம்பிக்கையே இல்லை என்கிறீர்கள். சரி, இல்லாமல் இருக்கட்டும். அந்தச் சோதனை இன்றைக்கு வரவில்லை, அதைத் தாங்குகிற பெலனும் இன்றைக்கு வரவேண்டியதில்லை. ‘உன் நாட்களுக்குத்தக்கதாய் உன் பெலனும் இருக்கும்’ என்று உபாகமத்தில் இருக்கிறது. நாளைய சுமையை இன்றைய தோளில் ஏற்றிப் பார்த்தால் யாருக்குத்தான் முறியாது?

என் அம்மாவின் கதையைச் சொல்கிறேன், இதை எழுத எனக்கு வேறு தகுதி இல்லை.

அம்மாவுக்கு வாலிபத்திலிருந்தே பிரஷர். எனக்கு முப்பது வயதானபோது பிடித்த பயம், இவர் ஒருநாள் பாரிசவாதத்தில் விழப்போகிறார், நான் ஒற்றை ஆளாக நின்று தூக்கி, கழுவி, உடுப்பு மாற்றவேண்டி வரும் என்று. எனக்கு உடம்பில் பெலனும் இல்லை, அருவருப்பும் கூட. அதை நினைத்து நான் நித்திரையில்லாமல் கிடந்த இரவுகளைச் சேர்த்தால் ஒரு வருடம் வரும். கடைசியில் 2011இல் விழுந்தேவிட்டார். நான் பயந்தது அப்படியே வந்தது, ஒரு புள்ளி பிசகாமல். இடப்பக்கம் முழுக்க வழங்கவில்லை. ஆஸ்பத்திரியால் வீட்டுக்குக் கொண்டுவந்து முதல் விடியல், படுக்கை முழுக்க ஈரம். நான் பெட்சீற்றைப் பிடித்து இழுக்கிறேன், வரவில்லை. அம்மா வாய் திறக்காமல் கூரையைப் பார்த்தபடி கிடக்கிறார், கண்ணால் தண்ணீர் ஓடி காதுக்குள் போகிறது. நான் சுவரோடு சாய்ந்து நின்றுவிட்டேன்.

அப்போதுதான் பின்வீட்டு உம்மா பிளாஸ்கில் தேத்தண்ணியோடு வேலிக் கடப்பால் வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகினார், அம்மாவின் வலது முழங்காலை மடித்து நிறுத்தினார், தோளில் ஒரு கை இடுப்பில் ஒரு கை, மெல்லத் தன் பக்கம் உருட்டினார். ‘நனைஞ்சத நீளவாட்டில சுருட்டி முதுகுக்குக் கீழ தள்ளு மகள். புதுசையும் பாதி சுருட்டி அதுக்குப் பக்கத்தில வை. இப்ப மற்றப் பக்கம் உருட்டுவம், நீ அங்கால நிண்டு இழு.’ ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. அம்மா காய்ந்த விரிப்பில் கிடக்கிறார், உம்மா தேத்தண்ணி ஊற்றுகிறார். தன் மனிசனை நாலு வருடம் அப்படிப் பார்த்த கை அது.

தங்கச்சி, பதினைந்து வருடமாக நான் பயந்து பயந்து பார்த்த அந்தக் காட்சியில் கட்டில் இருந்தது, அம்மா இருந்தார், நாற்றம் இருந்தது, நடுவில் நான் தனியே நின்றேன். உம்மா ஒருநாளும் அதில் வந்ததில்லை. இத்தனைக்கும் அவ்வளவு காலமும் அவர் வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார், அவர் தன் மனிசனைப் பார்த்ததும் எனக்குத் தெரியும்.

லேசாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பதினான்கு மாதம். எரிச்சலில் அம்மாவை ஏசியிருக்கிறேன், பிறகு குசினிக்குள் போய் அழுதிருக்கிறேன், அந்த இடுப்பு நோ இன்னும் போகவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளுக்கும் உள்ளது அந்தந்த நாள் வந்தது, பிந்தி வந்த நாளும் உண்டு, வராமல் போன நாள் இல்லை.

தானியேல் புத்தகத்தில், ராஜாவின் சிலையை வணங்க மறுத்த மூன்று பேரைக் கட்டி அக்கினிச் சூளைக்குள் போட்டார்கள். சூளைக்குள் எட்டிப் பார்த்த ராஜாவுக்கு நாலு பேர் உலாவுவது தெரிந்தது. அந்த நாலாவது ஆளை முதல்நாள் யாரும் காணவில்லை, ராஜாவுக்கு முன்னால் நின்று பதில் சொன்னபோதும் காணவில்லை, உள்ளே போன பிறகுதான். அவர்கள் பேசியதையும் கவனியுங்கள். எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர் என்றார்கள், அதோடு ‘விடுவிக்காமற்போனாலும்’ என்று ஒரு சொல்லையும் சேர்த்தார்கள். விசுவாசிக்கு ஒன்றும் வராது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. உங்களுக்கு யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள். 2019 உயிர்த்த ஞாயிறு காலையில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துச் செத்துப்போன பிள்ளைகள் ஞாயிறு பள்ளிக்கூடம் முடித்து நின்ற பிள்ளைகள்.

இன்னொன்று, இந்த ஊரில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயலுக்குப் பயந்து திருமலையே விழித்திருந்தது. கூரைக்குக் கல்லேற்றி, கயிறு கட்டி, கரையோரச் சனம் பள்ளிக்கூடங்களில். அது திரியாய், குச்சவெளிப் பக்கம் கரை ஏறியது, பயந்த அளவுக்குச் சேதம் இல்லை. 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை, வெயிலும் வெளிச்சமுமாக இருந்த காலையில் கடல் வந்ததே, அதற்கு முதல்நாள் இரவு யார் பயந்தார்கள்? கிண்ணியாவில் ஒருவராவது விழித்திருந்திருப்பார்களா? நாங்கள் எதற்கு இரவிரவாகப் பயப்படுகிறோமோ அதுதான் வரும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. பயத்துக்கு நாளையைத் தெரியாது. தெரிந்த மாதிரிப் பேசும், அவ்வளவுதான்.

அப்படியென்றால் சும்மா இருப்பதா என்று கேட்பீர்கள். ‘அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்’ என்று மத்தேயுவில் வாசிக்கிறோமே, அந்தப் ‘பாடு’ என்ற சொல்லைப் பாருங்கள். ஆண்டவருடைய பாடுகள் என்றும் சொல்கிறோம், உன் பாட்டைப் பார் என்றும் சொல்கிறோம், எங்கள் கடற்கரையில் மீன்பாடு என்றும் சொல்கிறார்கள். கஷ்டமும் பாடு, செய்யவேண்டிய வேலையும் பாடு, அன்றைக்குக் கிடைப்பதும் பாடு. அந்த வசனத்தை எழுதியவர்கள் வலையை நினைத்து எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும், ஆனால் உப்புவெளியில் கரைவலை இழுத்து முடித்து நிற்கிறவரிடம் மீன்பாடு எப்படி என்று கேட்டால் அவர் இன்றைய வலையைப் பற்றித்தான் சொல்வார். இன்றைக்குக் கஷ்டம் இருக்கிறதா, அதற்குள்ளேயே இன்றைய வேலையும் இருக்கும், இன்றைக்கு உரிய கிடைப்பும் இருக்கும். நாளையின் கஷ்டத்தை மட்டும் தனியே பிரித்து இன்றைக்கே எடுத்துவந்தால் அதோடு சேர்ந்த மற்ற இரண்டும் கூட வராது.

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து வந்த ஆகாரமான மன்னாவும் அப்படித்தான் விழுந்தது. நாற்பது வருடம், கிழமைக்கு ஆறு நாள் என்று பார்த்தால் 12,000க்கு மேற்பட்ட காலைகள். பயத்தில் விடியற்காலம்வரை மிச்சம் வைத்தவர்களுக்கு அது பூச்சி பிடித்து நாறியது. அதே மன்னாதான், ஆறாம் நாளில் இரண்டு பங்கு எடுத்து வை என்று ஆண்டவர் சொன்னபோது கெடவில்லை. ஆகவே முன்னேற்பாடு செய்வது பாவமில்லை தங்கச்சி. லீவுக் கணக்கு, கடன், பிள்ளைகளின் செலவு, இதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதுங்கள். பகலில் எழுதுங்கள், உங்கள் கணவரும் பக்கத்தில் இருக்க எழுதுங்கள். இரவு இரண்டு மணிக்குத் தனியே போடுகிற கணக்கு விடை வராத கணக்கு. அதுதான் பூச்சி பிடிக்கிறது.

அத்தோடு காலையில் வெளியே போய்ப் பொறுக்கினவர்களுக்குத்தான் மன்னா, வெயில் ஏறினால் உருகிப்போகும். உங்கள் வீட்டில் இன்றைக்குப் பொறுக்கவேண்டியது என்ன? அவருடைய பிரஷர் குளிசையை நேரத்துக்குக் கொடுப்பது, சீனி இருந்தால் அதையும் கட்டுப்பாட்டில் வைப்பது, உப்பைக் குறைப்பது. திருமலையில் இருந்துகொண்டு கருவாட்டை விடுவது லேசில்லை என்று எனக்கும் தெரியும், ஆனாலும் குறையுங்கள். நோவுக்குப் போடுகிற குளிசைகளில் சில சிறுநீரகத்துக்கு ஆகாது, டொக்டரைக் கேட்காமல் கடையில் வாங்கவேண்டாம். சிறுநீரகம் பழுதாகத் தொடங்கிய எல்லாரும் டயலிசிஸுக்குப் போவதில்லை, பிரஷரைக் கட்டுப்பாட்டில் வைத்தால் பழுது மெதுவாகும். குளிசையை எடுத்துக் கையில் கொடுக்கும்போது ‘ஆண்டவரே இன்றைக்கு உள்ளதைத் தாரும்’ என்று சொல்லுங்கள். அதுவும் ஜெபம்தான். பயம் போகவேண்டும் என்று கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டீர்கள், கொஞ்ச நாளுக்கு அதைக் கேட்காமல் இதை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

இரவு விழிப்பு வந்தால் கிடந்து உழலாதீர்கள். எழும்பி முகம் கழுவி ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு வந்து, பக்கத்தில் அவர் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேளுங்கள். டயலிசிஸ் அறை நாளைக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இந்த மூச்சு இப்போது இருக்கிறது. இதற்கு நன்றி சொல்லுங்கள், வேறொன்றும் சொல்ல வராவிட்டாலும் பரவாயில்லை.

அப்புறம், அவரிடம் சொல்லிவிடுங்கள். ஆண்டவரே தனியே விழித்திருக்க விரும்பவில்லை, மூன்று பேரைக் கூட்டிக்கொண்டுதான் போனார். நீங்கள் நித்திரையில் இருப்பதாக நினைத்து அவரும் அந்த இரண்டு மணிக்குக் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறாரோ என்னவோ. வருத்தம் அவருக்கு, பயம் உங்களுக்கு மட்டும் என்று பங்கு பிரிக்க முடியாது. கொப்பியை எடுக்கிற நாளிலேயே சொல்லுங்கள், அழுகை வந்தால் இரண்டு பேருமாக அழுங்கள்.

18ஆம் திகதி விடிய நம்பர் எடுக்கப் போகவேண்டியிருக்கும். இரத்தம் எடுக்கிறார்கள் என்றால் வெறும் வயிறா என்று முதல்நாளே கேட்டுவையுங்கள், முடிந்தபிறகு சாப்பிட இரண்டு பேருக்கும் ஏதாவது கட்டிக்கொண்டு போங்கள். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவை ஆண்டவர் ஏசவில்லை, நித்திரையாக விட்டு, அப்பமும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் படுக்க விட்டார். நான் அன்று காலை ஆறு மணிக்கு உங்கள் இரண்டு பேருக்காகவும் முழங்காலில் இருப்பேன். வீட்டுக்கு வந்தபிறகு டொக்டர் என்ன சொன்னார் என்று ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா